இறப்பே பதிவாகவில்லை, பிள்ளைக்கு ஆதாரும் இல்லை: எந்தக் காகிதத்திலிருந்து தொடங்குவது?

கரும்பலகை:

இரண்டு குடும்பங்களுக்காகக் கேட்கிறேன். ஒரே ஊராட்சி, தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்று. இரண்டும் இந்துக் குடும்பங்கள்.

முதல் வீடு: பெண்ணுக்கு வயது 29. கணவர் பெயின்ட் வேலை செய்தவர். 14 மாதம் முன்பு நெஞ்சுவலி வந்து வீட்டிலேயே இறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, இறப்பைப் பதியவும் இல்லை. பையனுக்கு 8 வயது, பெண் குழந்தைக்கு 4. மாமனார் 5 வருடம் முன்பே காலமானவர். அவர் கிரயம் வாங்கிய 80 சென்ட் நிலம் இன்னும் அவர் பெயர்ப் பட்டாவிலேயே இருக்கிறது. மாமியார், கொழுந்தனார், கட்டிக்கொடுத்த நாத்தனார் மூவரும் உண்டு. கொழுந்தனார் ஒரு லட்சம் தருவதாகச் சொல்லி, விடுதலைப் பத்திரத்தில் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) கையெழுத்துப் போட அடுத்த வாரம் வரச்சொல்கிறார். ரேஷன் கார்டு மாமியார் பெயரில். விதவைப் பென்ஷனுக்குப் போனால் இறப்புச் சான்று கேட்கிறார்கள்.

இரண்டாவது வீடு: அண்ணன் 15, தங்கை 11. அம்மா 4 வருடம் முன்பும் அப்பா போன வருடமும் இறந்தார்கள். இரண்டு இறப்பும் பதிவாகியிருக்கிறது. அம்மாவைப் பெற்ற பாட்டியிடம் இருக்கிறார்கள். தங்கை வீட்டில் பிறந்தவள், பிறப்புச் சான்றும் ஆதாரும் இல்லை. ஆதி திராவிடர், ஆனால் சாதிச் சான்று எடுக்கவில்லை. அப்பா பெயரில் 1 ஏக்கர் 20 சென்ட். சித்தப்பா உழுகிறார், விற்கப்போவதாகப் பேச்சு. அப்பா ஒரு நூற்பாலையில் பி.எஃப். பிடித்தம் உள்ள வேலையில் இருந்தவர்.

எதை முதலில் செய்வது? இ-சேவை மையத்தில் ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

முதல் வீட்டுக்கு இறப்புப் பதிவுதான் முதல் வேலை. பென்ஷன், ரேஷன் கார்டு, வாரிசுச் சான்றிதழ், வங்கிப் பணம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். அது இல்லாமல் இ-சேவையில் விண்ணப்பம் போட்டால் கட்டணம் போய் நிராகரிப்பு வரும், அவ்வளவுதான்.

21 நாளுக்குள் சொல்லியிருந்தால் இலவசம். 30 நாள் வரை தாமதக் கட்டணம். 30 நாளுக்கு மேல் ஒரு வருடம் வரை மேலதிகாரியின் எழுத்து அனுமதி. ஒரு வருடம் தாண்டினால் உத்தரவு வேண்டும். முன்பு அதற்கு மாஜிஸ்திரேட் கோர்ட் என்று சட்டத்தில் இருந்தது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தம், அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆகவே 14 மாதம் ஆன உங்கள் கேஸ் ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) அலுவலகத்துக்குப் போகும். "கோர்ட்டில் போடணும், பத்தாயிரம் ஆகும்" என்று வாசலில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

செய்ய வேண்டியது: வி.ஏ.ஓ.தான் (கிராம நிர்வாக அலுவலர்) கிராம ஊராட்சியில் பதிவாளர். அவரிடம் "இந்தத் தேதியில் இந்தப் பெயரில் பதிவு இல்லை" என்ற சான்றை முதலில் வாங்குங்கள். பிறகு ஆர்.டி.ஓ.வுக்கு மனு. கூடவே இறந்தவரின் ஆதார், ரேஷன் கார்டு நகல், மயானத்தில் ரசீது கொடுத்திருந்தால் அது, அன்று பார்த்த டாக்டர் யாராவது இருந்தால் அவர் எழுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அல்லது கருமாதிப் பத்திரிகை. சிரிக்க வேண்டாம், தேதிக்கு அதைவிட நல்ல சாட்சி கிராமத்தில் கிடைப்பதில்லை. அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் வாக்குமூலம். மனு விசாரணைக்காகத் தாசில்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வி.ஏ.ஓ. என்று இறங்கி அதே வழியில் மேலே ஏறும். உத்தரவு வந்தபின் வி.ஏ.ஓ. தாமதக் கட்டணம் வாங்கிப் பதிவார்.

இங்கே கெட்டுப்போகிற இடங்கள் இரண்டு. ஒன்று, இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், குடியிருந்த ஊரில் அல்ல. உங்கள் கேஸில் வீட்டிலேயே என்பதால் சிக்கலில்லை. ஆனால் மாமனார் எங்கே இறந்தார் என்று விசாரியுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அந்த நகராட்சிப் பதிவில் இருக்கும், சி.ஆர்.எஸ். என்ற பிறப்பு இறப்புப் பதிவுத் தளத்தில் தேடி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஊர்ப் பதிவேட்டில் தேடிவிட்டு "பதிவே இல்லை" என்று புதிதாக மனுப் போட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு ஆகிவிடும். அதை ரத்து செய்ய இன்னொரு வருடம் போகும்.

இரண்டு, பெயர். ஆதாரில் முருகேசன், பட்டாவில் முருகன், வாக்காளர் பட்டியலில் சி.முருகேசன் என்று இருந்தால் இறப்புப் பதிவில் ஆதாரில் உள்ளபடி எழுதுங்கள். மற்ற இரண்டுக்கும் "இருவரும் ஒருவரே" என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று போட்டு வாரிசு விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

இறப்புச் சான்று கைக்கு வந்த அன்றே மூன்று விண்ணப்பங்கள் போடலாம், ஒன்றுக்கு ஒன்று காத்திருக்கத் தேவையில்லை: ஆதரவற்ற விதவை ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டில் இறந்தவர் பெயர் நீக்கம். ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ஆனது. 40 வயதுக்குக் கீழே இருப்பதால் மத்திய அரசின் இந்திரா காந்தி திட்டத்தில் வரமாட்டார், மாநிலத் திட்டத்தில் வருவார். இ-சேவை ஆபரேட்டர் தவறான திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வயது காரணம் காட்டித் திரும்பிவரும், பக்கத்தில் நின்று பாருங்கள்.

தனி ரேஷன் கார்டு வேண்டுமென்றால் முதலில் மாமியார் கார்டிலிருந்து இவர் பெயரும் பிள்ளைகள் பெயரும் நீங்க வேண்டும். நீக்காமல் புதுக் கார்டு கேட்டால் "ஆதார் வேறு கார்டில் உள்ளது" என்று கம்ப்யூட்டரே தள்ளிவிடும்.

இன்னொன்று. விதவைச் சான்று, ஆதரவற்ற விதவைச் சான்று, கணவனால் கைவிடப்பட்ட பெண் சான்று மூன்றும் வேறு வேறு. அரசு வேலையில் பெண்களுக்கான 30 சதவீதத்தில் ஆதரவற்ற விதவைகளுக்கு 10 சதவீதம் உள் ஒதுக்கீடு உண்டு. அதற்குச் செல்லுவது ஆர்.டி.ஓ. தரும் ஆதரவற்ற விதவைச் சான்று மட்டும்தான். எல்லா வழியிலும் சேர்த்து மாத வருமானம் 4,000-ஐத் தாண்டக்கூடாது. அவர் பத்தாவது தேறியிருந்தால் இதையும் எடுத்து வையுங்கள்.

வழக்குக்கட்டு:

கணக்குப்பிள்ளை சொன்ன வரிசை சரி. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று: அடுத்த வாரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகவேண்டாம். வெற்றுத் தாளிலோ பவர் பத்திரத்திலோ கையெழுத்துப் போடவேண்டாம். வாங்கப்போகிற ஒரு லட்சம் எத்தனை சென்டுக்கு விலை என்று தெரியாமல் என்ன பேரம்?

பங்கைக் கணக்குப் போடுவோம். மாமனார் கிரயம் வாங்கியது என்று சொன்னது முக்கியம். பூர்வீகமாக இருந்தால் கணக்கு வேறு. தனிச் சொத்து, உயில் இல்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன் 8-ஆம் பிரிவு. அவர் இறந்த அன்று முதல் வகுப்பு வாரிசுகள் 4 பேர்: மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். கட்டிக்கொடுத்த மகளுக்கும் அதே பங்குதான். ஆளுக்கு 20 சென்ட். பிறகு கணவர் இறந்தார். அவருடைய 20 சென்ட் அவர் வாரிசுகளுக்குச் சமமாகப் போகும்: மனைவி, மகன், மகள், அவருடைய தாய். ஆமாம், மகன் சொத்தில் தாயும் முதல் வகுப்பு வாரிசு (தந்தை அல்ல). ஆளுக்கு 5 சென்ட். ஆக இந்தப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து 15 சென்ட், மாமியார் 25, கொழுந்தனார் 20, நாத்தனார் 20. மொத்தம் 80.

இதே கணக்கில் மகன் முந்தி இறந்து மாமனார் பிந்தி இறந்திருந்தால் என்ன ஆகும் பாருங்கள். முன்னிறந்த மகனின் கிளைக்கு 20 சென்ட், அதை விதவையும் பிள்ளைகளும் மட்டும் பிரித்துக்கொள்வார்கள். அங்கே மாமியாருக்குப் பங்கு கிடையாது. 15 இல்லை, 20. யார் முதலில் இறந்தார் என்ற தேதி ஒன்றே 5 சென்டைப் புரட்டிப் போடுகிறது. அதனால்தான் இரண்டு இறப்புச் சான்றிலும் தேதி சரியாக இருக்கவேண்டும். "தோராயமாகப் போட்டுக்கோங்க" என்று எவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பிள்ளைகள் பங்கு. அந்த 15 சென்டில் 10 சென்ட் இரண்டு மைனர்களுடையது. தாய்தான் இயற்கைப் பாதுகாவலர், ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் 8-ஆம் பிரிவுப்படி கோர்ட் அனுமதி இல்லாமல் மைனரின் அசையாச் சொத்தை அவர் விற்கவோ அடமானம் வைக்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. மீறி எழுதிக்கொடுத்தால் பிள்ளைகள் 18 வயது முடிந்து 3 வருடத்துக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். இதைக் கொழுந்தனாரிடமே சொல்லுங்கள். அவர் காசு கொடுத்து வாங்குவது பிள்ளைகள் தலையெடுத்ததும் கவிழக்கூடிய பத்திரம். பல பேரங்கள் இந்த ஒரு வாக்கியத்தில் நின்றுவிடும்.

மறுமணம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் மாமியார் வீட்டில் கட்டாயம் கிளப்புவார்கள். கணவர் இறந்த நிமிடமே அந்த 5 சென்ட் அவருடையதாகிவிட்டது, இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவுப்படி முழு உரிமை. பிறகு மறுமணம் செய்துகொண்டாலும் போகாது.

வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னால் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வசிக்கும் உரிமை கேட்கலாம். 181-க்கு அழைத்தால் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் சேர்த்துவிடுவார்கள்.

வாரிசுச் சான்றிதழில் ஒரு எச்சரிக்கை: மாமியார் பெயரை விட்டுவிட்டு வாங்கலாம் என்று புரோக்கர் யோசனை சொல்வார். வேண்டாம். விசாரணையில் பிடிபட்டால் நிராகரிப்பு, பிடிபடாவிட்டால் பின்னால் ரத்து. மாமனாருக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று என இரண்டு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் பட்டாவில் பெயர் ஏறும். முதலில் கூட்டுப் பட்டாவில் எல்லார் பெயரையும் ஏற்றிவிடுங்கள், அதற்கு அளவை தேவையில்லை. உட்பிரிவு சர்வேயர் வந்து அளந்தபின், பாகம் பிரிந்தபின்.

மண்வாசனை77:

இரண்டாவது வீட்டுக்கு இவ்வளவு சுற்று எதற்கு? பாட்டியைக் கார்டியன் என்று நோட்டரியில் 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிவிட்டால் பேங்க், ஆதார், நிலம் எல்லாவற்றுக்கும் ஆகுமே.

வழக்குக்கட்டு:

ஆகாது. தாயும் தகப்பனும் போனபின், உயிலில் யாரையும் நியமிக்காதபட்சத்தில், பாதுகாவலர் என்பது கோர்ட் தருகிற பதவி. நோட்டரி எழுத்துக்கு அங்கே மதிப்பில்லை. பாட்டி பாசமாக வளர்க்கிறார் என்பது உண்மை, ஆனால் அவரும் சித்தப்பாவும் சட்டத்தின் கண்ணில் மைனர் சொத்தைத் தொட உரிமையில்லாத நடைமுறைப் பாதுகாவலர்கள்தான். இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அதை நேராகவே தடுக்கிறது.

நிலம் அப்பா பெயரில் என்றால் சித்தப்பா வாரிசே இல்லை. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இல்லை என்றால் முழு 1 ஏக்கர் 20 சென்டும் பிள்ளைகளுக்குத்தான். சித்தப்பாவால் நேராக விற்க முடியாது. ஆபத்து வேறு வழியில் வரும்: பிள்ளைகளை மறைத்து வாரிசுச் சான்றிதழ், அல்லது அடங்கலில் (வி.ஏ.ஓ.வின் சாகுபடிக் கணக்கு) சாகுபடி செய்பவர் என்று தன் பெயரை ஏற்றிக்கொள்வது. ஆகவே மூன்று வேலைகள். பிள்ளைகள் பெயரில் வாரிசுச் சான்றிதழ். மைனர் என்று குறித்துப் பட்டா மாற்றம். வில்லங்கச் சான்று ஒன்று இன்றே போட்டுப் பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பது. வி.ஏ.ஓ.விடம் அடங்கல் நகல் கேட்டு, சித்தப்பா பெயர் இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

உழுவதை நிறுத்தச் சொல்லிச் சண்டைக்குப் போகவேண்டாம். தரிசாகக் கிடப்பதைவிட, பிள்ளைகளுக்காகப் பயிர் செய்கிறார், போகத்துக்கு இவ்வளவு தருகிறார் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்குவது நல்லது. அந்த எழுத்து பின்னாளில் "பன்னிரண்டு வருடம் என் அனுபவத்தில் இருந்தது" என்ற வாதத்தையும் அடைத்துவிடும்.

பாட்டி பாதுகாவலராக வேண்டுமென்றால் 1890-ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தில், பிள்ளைகள் வசிக்கும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் மனு. நியமித்த பிறகும் விற்பதற்கு தனி அனுமதி கேட்கவேண்டும். அந்த நிலம் ஒடுக்கப்பட்ட சமூகத்தாருக்கென்று அரசு ஒப்படை செய்த பஞ்சமி நிலமா என்று அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) பாருங்கள். அப்படியென்றால் வேறு சமூகத்தாருக்கு விற்பனையே செல்லாது.

தொட்டில்:

இரண்டாவது வீட்டில் தங்கையின் காகிதத்தைத் தனியாகப் பேசவேண்டும். இங்கே எல்லாரும் செய்கிற தவறு முதலில் ஆதாருக்கு ஓடுவது. பிறந்த தேதியை ஆதாரில் ஒரு முறைதான் மாற்றலாம். பள்ளியில் ஜூன் மாதம் என்று சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியை வைத்து ஆதார் எடுத்துவிட்டு, பிறகு பிறப்புச் சான்று வேறு தேதியில் வந்தால் அந்த ஒரு வாய்ப்பும் அதிலேயே செலவாகிவிடும். பிறப்புப் பதிவு முதலில், ஆதார் அடுத்து.

11 வருடம் ஆனதால் இதுவும் ஆர்.டி.ஓ. உத்தரவுதான், இறப்புக்குச் சொன்ன அதே வழி. ஆதாரம் எங்கே கிடைக்கும்? வீட்டுப் பிரசவம் என்றாலும் அம்மா கர்ப்பமாக இருந்தபோது கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டில் பெயர் இருக்கும், தடுப்பூசி போட்ட பதிவும் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த ஆண்டின் பதிவேட்டுப் பகுதியைக் கேளுங்கள். அங்கன்வாடி எடைப் பதிவேடு, ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேடு. இவற்றில் மூத்தது எதுவோ அதற்கு மதிப்பு அதிகம். அதற்கும் முன் தேடிப் பார்த்துவிடுங்கள், பெயர் இல்லாமல் "பெண் குழந்தை" என்று பதிவாகியிருக்கலாம். அப்படியென்றால் புதுப் பதிவு தேவையில்லை, பதிவான நாளிலிருந்து 15 வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் போதும். நான்கு மாதம் இழுக்கவேண்டிய வேலை ஒரு வாரத்தில் முடியும்.

ஆதாருக்குப் பெற்றோர் கைரேகை வழி இங்கே அடைபட்டிருக்கிறது. பாட்டிக்குக் கோர்ட் உத்தரவு இல்லாததால் குடும்பத் தலைவர் முறையிலும் தகராறு வரும். பிறப்புச் சான்றோடு, ஆதார் ஆணையத்தின் நிலையான சான்றிதழ் படிவத்தைப் பயன்படுத்துங்கள். தாசில்தாரோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ கையெழுத்திடலாம். பிள்ளை அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் இருந்தால் அதன் கண்காணிப்பாளர் தரலாம். திருப்பி அனுப்பப்படுவதற்கு வழக்கமான காரணங்கள்: படிவத்தை லெட்டர்பேடில் தட்டச்சு செய்து மாற்றி எழுதுவது, போட்டோவின் மேல் கையெழுத்தும் முத்திரையும் குறுக்கே விழாதது, தேதி 3 மாதம் தாண்டியது, ஒரு எழுத்து அடித்துத் திருத்தியது. இரண்டு படிவம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்கு ஆதார் உதவி எண் 1947.

முதல் வீட்டு 4 வயதுக் குழந்தைக்கு அம்மாவின் கைரேகையே போதும், பிறப்புச் சான்று இருந்தால் பால் ஆதார் (5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ஆதார்) அன்றே பதியலாம். 5 வயது ஆனதும் கைரேகை, கருவிழி பதிய மறுபடி போகவேண்டும், மறந்துவிடுகிறார்கள்.

சாதிச் சான்று. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்ந்த அனாதைக் குழந்தைகளுக்கு ஓர் இடம் உண்டு. யாராவது அதைக் காட்டி "பி.சி. வாங்கிக்கொள்ளலாம்" என்பார்கள். இவர்களுக்கு அது பொருந்தவும் பொருந்தாது, தேவையும் இல்லை. அப்பாவின் சாதி தெரிந்திருக்கிறது. அப்பா படித்த பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் நகல் அல்லது சேர்க்கைப் பதிவேட்டுப் பகுதியை எடுத்து ஆதி திராவிடர் சான்றுக்கே தாசில்தாரிடம் விண்ணப்பியுங்கள். சித்தப்பாவின் சாதிச் சான்றும் வலுவான துணை ஆதாரம். நிலத்தகராறு முற்றுவதற்கு முன்னால் அதன் நகலை வாங்கிவிடுங்கள்.

பணம்: 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவில் மாதம் 4,000, குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள். இரண்டுக்கும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். பிள்ளைகளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் காட்டி, பாட்டியிடமே இருக்க உத்தரவு வாங்கிக்கொள்வது நல்லது. இல்லத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று பாட்டிகள் பயந்து ஒளிக்கிறார்கள். உறவினர் பராமரிப்புக்குத்தான் சட்டத்தில் முதலிடம், இல்லம் கடைசி வழி. 1098-இல் பேசினால் வழி சொல்வார்கள்.

பாஸ்புக்:

பணம் எங்கே தூங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லையே.

பெயின்டரின் வங்கிப் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வாங்கி, மே கடைசி, ஜூன் முதல் பக்கங்களைப் பாருங்கள். 436 ரூபாய் கழிந்திருந்தால் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம், நெஞ்சுவலி மரணத்துக்கும் உண்டு. 20 ரூபாய் கழிந்திருந்தால் அது சுரக்ஷா, விபத்துக்கு மட்டும். கணக்குத் திறக்கும்போது கையெழுத்து வாங்கியிருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரியாது. தாமதம் ஆனது என்று விட்டுவிடாமல் இறப்புச் சான்றோடு அந்தக் கிளையிலேயே கொடுங்கள். பெயின்டர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் சேரலாம், அட்டை ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா பாருங்கள்.

வங்கி சேமிப்பில் நாமினி இருந்தால் இறப்புச் சான்றும் நாமினியின் அடையாளமும் போதும். நாமினி என்பவர் வாங்கி வைத்திருப்பவர்தான், பணம் வாரிசுகளுக்கே சேரும். மாமியார் நாமினி என்றால் அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவதில் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. நாமினி இல்லாவிட்டால் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றிதழ் கொண்டுவா என்று கிளையில் சொல்வது பழைய பழக்கம். ரிசர்வ் வங்கியின் 2025 உத்தரவுப்படி வணிக வங்கியில் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை எளிய முறையில் தரவேண்டும்: தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ், ஈட்டுறுதிப் பத்திரம் (வங்கிக்கு நட்டம் வந்தால் ஈடுகட்டுவேன் என்ற உறுதி), மற்ற வாரிசுகளின் சம்மதம். எல்லாக் காகிதமும் கொடுத்தபின் 15 நாள் கெடு. (வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் தருவது, வாரிசுரிமைச் சான்றிதழ் கோர்ட் தருவது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பாதிப் பேர் தவறான கதவைத் தட்டுகிறார்கள்.)

நூற்பாலைப் பி.எஃப். கேஸ்தான் பெரிது. மூன்று தனித் தனிப் பணம்: பி.எஃப். இருப்புக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்கு 10-டி, காப்பீட்டுக்கு 5-ஐ.எஃப். பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் காப்பீடு மட்டும் அதிகபட்சம் 7 லட்சம் வரை போகும். இரு பெற்றோரும் இல்லாத பிள்ளைகளுக்கு அனாதை ஓய்வூதியம், விதவை ஓய்வூதியத்தில் 75 சதவீதம் ஒவ்வொருவருக்கும், ஒரே நேரத்தில் இருவருக்கு, 25 வயது வரை. குறைந்தபட்சம் 750. தொகை சின்னதுதான், ஆனால் 11 வயதுப் பெண்ணுக்கு 14 வருடம் வரும்.

கெடுவது எங்கே என்றால் ஆலை அலுவலகத்தில். வேலையைவிட்டு நின்ற காரணம் என்ற இடத்தில் "பணியில் இருக்கும்போது மரணம்" என்று போடவேண்டும். கணக்கை மூடுகிற அவசரத்தில் "ராஜினாமா" என்று தட்டிவிடுவார்கள், காப்பீடு அதோடு நிற்கும். யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணை வைத்து அதை முதலில் சரிபாருங்கள்.

பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்கு? 10 வயது முடிந்தவர்கள் தாங்களே கணக்குத் திறந்து இயக்கலாம், 2025-இல் ரிசர்வ் வங்கி அதைத் தெளிவாக்கிவிட்டது. 15, 11 இருவருக்கும் ஆகும். பணம் மைனரின் சொந்தக் கணக்குக்கே போனால் பாதுகாவலர் சான்று கேட்கவேண்டாம் என்று பி.எஃப். தலைமையகமும் அதே ஆண்டு சொல்லியிருக்கிறது. அதனால் பாட்டியின் கோர்ட் மனு முடியும்வரை இந்தப் பணம் நிற்கத் தேவையில்லை. தங்கைக்கு மட்டும் ஆதார் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

கரும்பலகை:

எல்லாருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். மாமியார் தன் ஆதாரைத் தரமாட்டேன் என்கிறார், அவர் இல்லாமல் வாரிசுச் சான்று எப்படி? வக்கீலுக்குப் பணம் இல்லை. அப்புறம், பக்கத்துத் தெருவில் ஒரு முஸ்லிம் குடும்பம்: மகன் இறந்தார், பிறகு அவர் அப்பாவும் இறந்தார். பேரப்பிள்ளைகளுக்கும் 15 சென்ட் கணக்கு மாதிரி உண்டா?

கணக்குப்பிள்ளை:

ஆதார் தராவிட்டாலும் அவர் பெயர், வயது, உறவு, முகவரியை விண்ணப்பத்தில் எழுதுங்கள். ரேஷன் கார்டு நகல், வாக்காளர் பட்டியல் பக்கம் இணையுங்கள். ஒத்துழைக்கவில்லை என்று தனித் தாளில் எழுதி வைத்தால் வி.ஏ.ஓ. விசாரணையில் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார். "திருப்பி அனுப்பப்பட்டது" என்று வந்தால் பதறவேண்டாம், கேட்ட காகிதத்தைச் சேர்த்து அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்பலாம். "நிராகரிக்கப்பட்டது" என்றால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு.

வழக்குக்கட்டு:

வக்கீலுக்குப் பணம் தேவையில்லை. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர், கோர்ட் கட்டணமும் அவர்களே பார்ப்பார்கள். தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு, அல்லது 15100 என்ற உதவி எண். வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே ஒரு மனுக் கொடுத்தால் மாமியார், கொழுந்தனார் இருவருக்கும் நோட்டீஸ் போகும். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் அந்தத் தீர்ப்பு கோர்ட் டிகிரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆனால் அங்கேயும் பிள்ளைகளின் 10 சென்டை விட்டுக்கொடுக்க அம்மா ஒப்புக்கொள்ளக்கூடாது. தன் 5 சென்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

முஸ்லிம் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு வராது. தாத்தாவுக்கு வேறு மகன் உயிரோடு இருந்தால், முன்னிறந்த மகனின் பிள்ளைகளுக்குத் தாத்தா சொத்தில் பங்கு வராது. தாத்தா உயிரோடு இருக்கும்போது அவர்களுக்கு ஹிபா (தானம்) கொடுத்திருந்தால், அல்லது சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் உயில் எழுதியிருந்தால் செல்லும். அப்படி ஏதும் எழுதினாரா என்று வீட்டிலும் ஜமாத்திலும் விசாரியுங்கள். ஆனால் இறந்த மகன் தன் பெயரில் வைத்திருந்தது தனி: அதில் பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அப்போது உயிரோடு இருந்த தாய் தகப்பனுக்கு ஆறில் ஒன்று வீதம், மீதி பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. அந்த வீட்டுக்கும் மகன், தகப்பன் இருவரின் இறப்புத் தேதியையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கரும்பலகை:

நாளை வி.ஏ.ஓ. அலுவலகம் போகிறேன், பதிவு இல்லை என்ற சான்றுக்கு. மாமனார் இறந்தது மாவட்டத் தலைமை மருத்துவமனையிலாம், இப்போதுதான் சொன்னார்கள். தளத்தில் தேடிப் பார்க்கிறேன். கருமாதிப் பத்திரிகை ஒன்று பீரோவில் கிடைத்துவிட்டது.